சின்னச் சின்ன எரிச்சல்கள்: உங்களுக்கு எது உண்மையிலேயே குறைந்தது?

கீழ்க்கட்டளைக்காரன் எழுதியது:

வேலை போனது, வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது, கடன் கழுத்தை நெரிப்பது போன்ற பெரிய கஷ்டங்களுக்கான இழை இல்லை இது. தட்டில் சோறு போட்டு உட்காரும்போது “பர்சனல் லோன் வேணுமா சார்” என்று வரும் போன், வாசல் கேட்டை மறித்து எவனோ நிறுத்திவிட்டுப் போகும் பைக், சிலிண்டர் போடுகிறவர் கேட்கும் மேல்காசு, பதினொரு மணிக்கும் அடங்காத மைக் செட், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிவதற்குள் வந்து விழும் ரோஜாப்பூ. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் ஒரு விஷயமே இல்லை. ஆனால் சாயங்காலம் பிள்ளை பென்சில் பாக்ஸைக் கீழே போட்டதற்குக் கத்துகிறோமே, அந்தக் கோபம் பென்சில் பாக்ஸ் மேல் உள்ளதா?

ஒரே நிபந்தனை. “நல்லதையே நினையுங்கள்”, “பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து தியானம் செய்யுங்கள்” வகையறா வேண்டாம். நீங்கள் செய்து பார்த்து எரிச்சல் குறைந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். எந்த எண்ணுக்குப் போன் போட்டீர்கள், யாரிடம் என்ன சொன்னீர்கள் என்ற அளவுக்கு விவரமாக.

மலைக்கோட்டை மணி எழுதியது:

போன் தொல்லைக்கு நான் சொல்கிறேன். எனக்குக் கண்கூடாகப் பலன் தெரிந்தது இதில்தான்.

முதல் வேலை 1909. உங்கள் செல்போனிலிருந்தே அந்த எண்ணுக்கு அழைத்து எல்லா வகை விளம்பரத்தையும் நிறுத்தச் சொல்லலாம். டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) செயலியிலும் செய்யலாம். பலன் தெரியக் கொஞ்ச நாள் பிடிக்கும். அதன்பின் முறையாகப் பதிவு செய்துகொண்டு விளம்பரம் செய்யும் கம்பெனிகளின் அழைப்புகள், அதாவது 140 என்று ஆரம்பிக்கும் எண்கள், அடங்கிவிடும். வங்கியின் ஓடிபி, பணம் எடுத்த தகவல் எதுவும் நிற்காது. எங்கே அதுவும் நின்றுவிடுமோ என்ற பயத்திலேயே பல பேர் இதைப் போடாமல் இருக்கிறார்கள்.

அடங்காமல் வருவது சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்துதான். அதற்குப் புகார் ஒன்றே வழி. முன்பெல்லாம் அழைப்பு வந்த 3 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். 2025ல் விதியைத் திருத்தி 7 நாள் ஆக்கிவிட்டார்கள். டிஎன்டி பதிவு செய்யாதவர்களும் இப்போது புகார் தரலாம்.

நான் சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் சண்டை போடுவதில்லை. “வேண்டாம்மா” என்று ஒரு வார்த்தை, உடனே கட். ராத்திரி எல்லா வேலையும் முடிந்த பிறகு அன்றைக்கு வந்த எண்களை வரிசையாகச் செயலியில் போட்டுவிடுவேன். எதிர்முனையில் பேசுவது யார் வீட்டுப் பிள்ளையோ, டார்கெட்டுக்காகக் கூப்பிடுகிறது. அதைத் திட்டி நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இன்னொன்று. வங்கி, இன்சூரன்ஸ் போன்ற இடங்களிலிருந்து வரும் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. “பேங்க்ல இருந்து பேசறேன்” என்று சாதாரணச் செல் நம்பரிலிருந்து யாராவது ஆரம்பித்தால் அப்படியே வைத்துவிடுங்கள். மோசடி என்று சந்தேகம் வந்தால் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே தெரிவிக்கலாம். பணமே போய்விட்டால் யோசிக்காமல் 1930, அது சைபர் மோசடிப் புகாருக்கான எண்.

சந்தேக சாமி எழுதியது:

கண்துடைப்பு. ஒரு எண்ணை முடக்கினால் அடுத்த எண்ணிலிருந்து வருவான். நான் தெரியாத எண் எதையும் எடுப்பதே இல்லை.

மலைக்கோட்டை மணி எழுதியது:

எடுக்காமல் இருக்கலாம் சார். பிள்ளை படிக்கிற ஸ்கூல், கூரியர்காரர், ஆஸ்பத்திரி எல்லாமே தெரியாத எண்ணிலிருந்துதானே வருகிறது? எனக்கு அது சரிப்படவில்லை.

தாமரைக்குளம் எழுதியது:

மருத்துவமனை ஒன்றில் மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குமுறிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் சொல்லும் வாக்கியம், “இதெல்லாம் ஒரு விஷயமான்னு நினைப்பீங்க மேடம்” என்பதுதான். அதனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

1967ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். கணவன் அல்லது மனைவியின் மரணத்துக்கு 100. கல்யாணத்துக்கு 50. கிறிஸ்துமஸ் பண்டிகைக்குக்கூட 12 உண்டு. (தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துப் பார்த்திருந்தால் இன்னும் கூட்டிப் போட்டிருப்பார்கள்.) பெரிய மாற்றங்கள் சேரச் சேர உடம்பு கெடும் என்பது அவர்கள் கணக்கு.

அப்புறம் 1981ல் ரிச்சர்ட் லாசரஸும் அவருடைய குழுவினரும் வேறு மாதிரிப் பார்த்தார்கள். 117 அன்றாடத் தொல்லைகளைப் பட்டியல் போட்டு, கலிபோர்னியாவில் நடுவயதுக்காரர்களிடம் மாதா மாதம் கேட்டார்கள். மனச் சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் யாருக்கு இருக்கும் என்று கணிக்க, பெரிய நிகழ்வுகளின் பட்டியலைவிட இந்தச் சில்லறைத் தொல்லைப் பட்டியல்தான் நன்றாக உதவியது. அதிகம் பேர் குறித்த தொல்லைகள் என்ன தெரியுமா? உடல் எடை, குடும்பத்தில் ஒருவர் உடல்நிலை, விலைவாசி, வீட்டு மராமத்து, ஏகப்பட்ட வேலை, பொருளை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது. எந்த ஊரானால் என்ன!

ஆனால் இங்கே முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறொரு சோதனையைப் பற்றி. கிளாஸ், சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1970 வாக்கில் செய்தது. ஆட்களை உட்கார வைத்து, புரியாத மொழிப் பேச்சு, தட்டச்சுப் பொறி, அச்சு எந்திரம் எல்லாம் கலந்த ஒரு கண்றாவி இரைச்சலைப் போட்டுவிட்டார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், “இந்தப் பொத்தானை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்” என்று சொன்னார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. இரண்டு பகுதியினர் காதிலும் விழுந்தது ஒரே சத்தம். சத்தம் முடிந்த பிறகு விடையே இல்லாத புதிரைக் கொடுத்தபோது, பொத்தான் இருந்தவர்கள் சலிக்காமல் முயன்றார்கள், மெய்ப்புத் திருத்தச் சொன்னபோது பிழைகளையும் அதிகம் பிடித்தார்கள். மற்றவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். எப்போது வரும் என்று தெரியாமல் விட்டு விட்டு வரும் சத்தம், ஒழுங்கான இடைவெளியில் வரும் சத்தத்தைவிட மோசமாகப் பாதித்தது என்பதும் அதே ஆய்வுகளில் தெரிந்தது.

மணி சார் செய்வது இதுதான். அவர் போடும் புகாரால் அழைப்பு எவ்வளவு குறைகிறதோ தெரியாது. ஆனால் அவர் கையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத் தனக்குச் சௌகரியப்பட்ட நேரத்தில் அழுத்துகிறார்.

கொங்குத்தம்பி எழுதியது:

எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் மோசம் என்று மேடம் சொன்னது சிக்னலுக்கும் பொருந்துமுங்க. நொடி ஓடுகிற சிக்னலில் தொண்ணூறு என்று இருந்தாலும் வண்டியை அணைத்துவிட்டு நிற்பேன். நொடி காட்டாத சிக்னலில் அரை நிமிடம்கூட ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே நிற்கத் தோன்றுகிறது.

எங்கள் கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலையே எடுத்துவிட்டு யூ டர்னும் ரவுண்டானாவும் வைத்துவிட்டார்கள். லாலி ரோடு பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அரை கிலோமீட்டர் சுற்றினாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருப்பதால் எரிச்சல் வருவதில்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நடந்து போகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. வண்டி நிற்கவே நிற்காது என்றால் வயசான அம்மா எப்படி ரோட்டைக் கடப்பார்? நம் எரிச்சலை எடுத்து அவர் தலையில் வைத்தாயிற்று.

ஓய்வுபெற்ற லைன்மேன் எழுதியது:

கரண்ட் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துவதை முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள். ஒன்பது மணிக்குப் போகும் என்று தெரிந்தால் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, மாவு அரைத்து, போனுக்குச் சார்ஜ் போட்டுத் தயாராக இருக்கிறீர்கள். யாரும் எங்களைத் திட்டுவதில்லை. அதே கரண்ட் சொல்லாமல் பத்து நிமிடம் போகட்டும், எங்கள் அம்மா அப்பா வரைக்கும் இழுப்பீர்கள். மனநலப் பிரிவு மேடம் எழுதியது அனுபவத்தில் சரி.

புகார் செய்ய மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. ஆனால் அழைப்பதற்கு முன்னால் மூன்று விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டில் எரிகிறதா? தெருவிளக்கு எரிகிறதா? உங்கள் வீடு மூன்று பேஸ் என்றால் எல்லாமே போய்விட்டதா, ஒரு பேஸ் மட்டும் இல்லையா? “கரண்ட் இல்லை” என்று மட்டும் சொன்னால் வருகிறவன் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுச் சாமான் எடுக்கத் திரும்பிப் போவான். “எங்கள் வரிசையில் நாலு வீட்டில் ஒரு பேஸ் இல்லை, தெருவிளக்கு எரிகிறது” என்று சொல்லிப் பாருங்கள். பில்லர் பாக்ஸில், அதாவது தெருவோர மின் பெட்டியில், ஃபியூஸ் போயிருக்கிறது என்று அங்கேயே புரிந்துவிடும். மின் இணைப்பு எண்ணை மீட்டர் பெட்டிக்குள் எழுதி ஒட்டி வையுங்கள். இருட்டில் பழைய பில்லைத் தேடுவதும் ஒரு எரிச்சல்தான்.

கீழ்க்கட்டளைக்காரன் எழுதியது:

நன்றி ஐயா, இந்த மாதிரித்தான் எதிர்பார்த்தேன்.

சிலிண்டர் விஷயத்துக்கு யாராவது வழி சொல்லுங்கள். எங்களுக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கொண்டு வருகிறவர் ரசீதில் உள்ள தொகைக்கு மேல் கேட்கிறார். தொகை பெரிதில்லை. ஒவ்வொரு முறையும் எவ்வளவு கேட்பாரோ என்று நினைப்பதும், சில்லறை இல்லாவிட்டால் அவர் முகம் போகிற போக்கும்தான் பிடிக்கவில்லை.

மாடக்குளம் ரவி எழுதியது:

விற்பனை விலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. ரசீதில் என்ன போட்டிருக்கிறதோ அதைக் கொடுத்தால் போதும். மேலே கேட்டால் 1800 2333 555 என்ற எண்ணில் புகார் செய்யலாம், கட்டணமில்லா எண். நான் ஆன்லைனிலேயே பணம் கட்டிவிடுகிறேன். வாசலில் பணப்பேச்சே வராது. கேட்டால், “கட்டியாச்சுண்ணே” என்று சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

அடுப்படி அரசி எழுதியது:

ரவி தம்பி, சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவது ஆம்பளைகளுக்குச் சரி. வீட்டில் தனியாக இருக்கிறவளுக்கு அடுத்த மாசமும் அதே ஆள்தான் வரவேண்டும். புக் செய்து எத்தனை நாள் கழித்து வருவது என்பது அவர் கையில் இருக்கிறது என்ற பயம் இருக்காதா?

ஆனால் காசைவிட எனக்கு முக்கியம், வாங்கும்போதே சரி பார்ப்பது. சிலிண்டர் கழுத்து வளையத்தின் கம்பிகளில் உள்பக்கம் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று காலிச் சிலிண்டரின் எடை. அதோடு 14.2 கிலோ கூட்டினால் முழு எடை வர வேண்டும். தராசு கேட்டால் அவர்கள் வைத்திருக்க வேண்டும், எடை போட்டுக் காட்ட வேண்டும். இன்னொன்று ஏ, பி, சி, டி என்ற எழுத்தில் ஒன்றும் வருஷமும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே சி, டி. அந்தச் சிலிண்டரை அடுத்து எப்போது சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கான கெடு அது. கெடு தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். மூடியைத் திறக்கச் சொல்லி, வாஷர் இருக்கிறதா, சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழ் வருகிறதா என்று ஆள் நிற்கும்போதே பார்த்துவிட வேண்டும். கேஸ் வாசனை வந்தால் 1906, அது கசிவுக்கான அவசர எண். அதெல்லாம் சரியாக இருந்தால் அந்த மேல்காசு எனக்கு உறுத்துவதில்லை, கொடுத்துவிடுகிறேன்.

சுமைதாங்கி எழுதியது:

நான் சில வருஷம் சிலிண்டர் போட்டவன். இப்போது வேறு வேலை. அதனால் தைரியமாக எழுதலாம்.

உள்ளே கேஸ் 14.2 கிலோ. இரும்பு பதினைந்து, பதினாறு கிலோ. ஆக முப்பது கிலோ. தோளில் ஏற்றி மாடிப்படி திரும்பும் இடத்தில் சுவரில் இடிக்காமல் திரும்ப வேண்டும். இடித்தால் பெயின்ட் போய்விட்டது என்று திட்டு. இறங்கும்போது காலிச் சிலிண்டர். நான் இருந்த இடத்தில் கூலி ஒரு சிலிண்டருக்கு இவ்வளவு என்றுதான், கீழ்வீட்டுக்கும் மூன்றாம் மாடிக்கும் ஒரே கூலி. “விலையிலேயே கட்டணம் சேர்ந்திருக்கிறது” என்று நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அது எங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா?

உங்களுக்கு எரிச்சல் இருக்கிற மாதிரி எங்களுக்கும் பட்டியல் இருக்கிறது. மேலே ஏறி வந்த பிறகு, “ஓடிபி வீட்டுக்காரர் போனுக்கு வரும், இருங்க கேட்கறேன்” என்பார்கள். அவர் மீட்டிங்கில் இருப்பார். வெயிலில் நிறுத்தின வண்டியில் மற்ற சிலிண்டர்கள், பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. இன்னொரு பக்கம் பூட்டிய வீடு. நாளைக்கு வா என்பார்கள். நாளைக்கு வேறு ஏரியா.

ஓடிபியை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள், காலிச் சிலிண்டரை வாசலுக்கு எடுத்து வையுங்கள். அதைச் செய்கிற வீட்டில் நான் எதுவும் கேட்டதில்லை.

மாடக்குளம் ரவி எழுதியது:

அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நாம் எல்லாரும் கொடுத்துக் கொடுத்துத்தான் அது கட்டாயம் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டில் பென்ஷனை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் ஒரு பாட்டி. அவரிடமும் அதே தொகைதான் கேட்கிறார்கள். உங்கள் கூலியை ஏற்றித் தர வேண்டியது ஏஜென்சி. அந்தக் கணக்கை ஏன் பாட்டியின் தலையில் எழுத வேண்டும்?

சுமைதாங்கி எழுதியது:

பாட்டியிடம் கேட்பது தப்புதான் தம்பி, அதில் நான் எதிர்ப்பேச்சு பேசமாட்டேன். ஏஜென்சியிடம் கூலி கேட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் மற்றது.

சந்தேக சாமி எழுதியது:

இந்தக் காசுக்காகப் புகார் எண்ணுக்குப் போட்டு, அங்கே ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் கேட்டு, நம்பர் வாங்கி... இதற்குக் கொடுத்துவிட்டே போகலாம். எல்லாவற்றுக்கும் புகார் போட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஒரு முழுநேர வேலை ஆகிவிடும்.

கீழ்க்கட்டளைக்காரன் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவரிடமே நேராக, “அண்ணே, மூன்று மாடி ஏறுகிறீர்கள், ஒவ்வொரு முறையும் இவ்வளவு தருகிறேன், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்” என்று பேசிவிட்டேன். பணத்தைத் தனியாக ஒரு கவரில் அடுப்பு மேடை அலமாரியில் வைத்திருக்கிறேன், ஓடிபியும் அதன் மேலேயே. ரவிக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

மாடக்குளம் ரவி எழுதியது:

பிடிக்கவில்லைதான். ஆனாலும் உங்கள் மூன்றாவது மாடியை நான் ஏறப்போவதில்லையே, சரி.

பெரம்பூர் இரவுப்பணி எழுதியது:

ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவன் நான். ஆடி மாசம் வந்தால் என் தூக்கம் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட மாதிரி.

சட்டம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. அந்த நேரத்தில் வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களில் மட்டும் வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் பன்னிரண்டு மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். பத்து மணிக்கு மேல் என்றால் 100க்குப் போன் போடலாம், வருவார்கள், குறைப்பார்கள்.

பகலில் என் பாடு? பகலில் மைக் போட அனுமதி உண்டு, நான் புகார் செய்தும் பயனில்லை. விழாக் குழுவினர் எல்லாரும் தெருக்காரர்கள். போய் நின்றால் “உனக்கு மட்டும் அம்மன் வேண்டாமா” என்பார்கள். அதனால் மைக் செட்காரரைப் பிடித்தேன். ஒயர் இழுக்க வருகிற அன்றே கீழே இறங்கிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, “அண்ணே, அந்த ஒரு பாக்ஸை மட்டும் என் ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பி வையுங்கள்” என்று கேட்டேன். கம்பத்தில் கட்டிய பிறகு கேட்டால் நடக்காது, கட்டுவதற்கு முன்னால் கேட்டால் அவர் பாக்ஸை ஒரு திருப்பு திருப்பினால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை.

மிச்சத்துக்குக் காது அடைப்பான். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்துச் சின்ன உருளை. பலர் அதை அப்படியே காதில் சொருகிவிட்டு “ஒன்றும் கேட்பது குறையவில்லை” என்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் கை கழுவிவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் ஊதுபத்திக் குச்சி போல் மெலிதாகும் வரை உருட்ட வேண்டும். பிறகு மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல் நுனியைப் பிடித்து மேலேயும் பின்னாலேயும் இழுக்க வேண்டும். அப்போதுதான் காதுத் துவாரம் நேராகும். சட்டென்று உள்ளே விட்டு, அது உப்பும் வரை விரல் நுனியால் அப்படியே பிடித்திருக்க வேண்டும். சரியாகப் போட்டால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள்ளிருந்து கேட்கும். கனத்த பேஸ் சத்தம் அதையும் மீறி நெஞ்சில் இடிக்கும், அதற்கு மருந்தில்லை. காதில் சீழ், வலி இருப்பவர்கள் போடாதீர்கள்.

மட்டுறுத்துநர்:

எந்த மதத்து ஒலிபெருக்கி அதிகம் என்று ஆரம்பித்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். இழையின் பொருளுக்குத் திரும்புங்கள்.

நாகர்கோவில் நிலா எழுதியது:

ரோஜாப்பூ பிரச்சினைக்கு நான் சொல்கிறேன். குடும்பக் குழுவை விட்டு வெளியேறினால் கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்பார், தேவையா? குழுவின் பெயரைத் தொட்டு உள்ளே போய் ‘எப்போதும்’ என்று மியூட் போடுங்கள். பிறகு அதை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். பட்டியலிலேயே கண்ணில் படாது. உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாராவது எழுதினால் மட்டும் அங்கே ஒரு அடையாளம் தெரியும். மீடியா தானாக இறங்குவதையும் அமைப்புகளில் நிறுத்திவிட்டால் அம்மா போனில் இடமில்லை என்ற புலம்பலும் போய்விடும். உங்களைக் கேட்காமல் புதுக் குழுவில் சேர்ப்பதைத் தடுக்கத் தனியுரிமை என்ற பகுதிக்குள் ‘குழுக்கள்’ என்று இருக்கிறது. அதில் ‘எனது தொடர்புகள்’ வைத்தாலே ரியல் எஸ்டேட் குழுக்கள் ஓடிவிடும்.

மாமா அனுப்பும் ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கலாம். மாமா அப்போதுதான் சாதாரண மனுஷர் மாதிரிப் பேசுவார்.

கொங்குத்தம்பி எழுதியது:

வாசலில் பைக் நிறுத்துகிற விஷயம் விட்டுப்போச்சு. ‘நோ பார்க்கிங்’ பலகையை யாரும் மதிப்பதில்லை. அந்த இடத்தில் இரண்டு பெரிய சிமென்ட் தொட்டியில் செம்பருத்தி வைத்தோம், ரோட்டை மறிக்காமல். கேட்டை வெளியே தள்ளித் திறக்கிற மாதிரி இல்லாமல் உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். அதோடு முடிந்தது.

தாமரைக்குளம் எழுதியது:

இழை தொடங்கியவரின் நிபந்தனையை லேசாக மீறுகிறேன், மன்னிக்கவும். இது தியானம் இல்லை. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும், உள்ளே இழுக்கும்போது கூடும். அதனால்தான் விடும் மூச்சு நீளமாக இருந்தால் படபடப்பு அடங்குகிறது. மூக்கால் ஒரு முழு மூச்சு, அதன் மேலேயே இன்னொரு சின்ன மூச்சு, பிறகு வாயால் மெல்ல, முழுவதுமாக விடுவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2023ல் வெளியிட்ட ஆய்வில், இதைத் தினமும் ஐந்து நிமிடம் ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தவர்களைவிட நன்றாக முன்னேறியது. மைக் செட்காரரிடம் பேசப் போகும் முன் இரண்டு மூன்று முறை செய்துவிட்டுப் போனால் குரல் உயராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதியிருக்கும் எதைச் செய்தும் எரிச்சல் அடங்கவில்லை, தூக்கம் வாரக்கணக்கில் கெட்டுவிட்டது, எதிலுமே பிடிப்பில்லை என்றால் அது சிலிண்டரோ போனோ இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இலவசம், தமிழில் பேசலாம். ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அடுப்படி அரசி எழுதியது:

மேடம் கொடுத்த பட்டியலில், பொருளை வைத்துவிட்டுத் தேடுவது என்று ஒன்று வந்ததே, அதற்கு நான் எழுதவா? எங்கள் வீட்டில் அதிகச் சண்டை நடந்தது அதில்தான்.

வாசல் கதவுக்குப் பக்கத்தில், வெளியே நின்றால் கண்ணில் படாத சுவரில், வரிசையாக ஆணி. வண்டிச் சாவிக்கு ஒன்று, வீட்டுச் சாவிக்கு ஒன்று, மாமியாரின் மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று. செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ஹால் தாண்டி பெட்ரூமில் அழகாக ஒரு ஸ்டாண்டு வாங்கி வைத்தால் யாரும் அதுவரை சாவியைக் கொண்டுபோக மாட்டார்கள். டிவி மேலேயே வைப்பார்கள்.

ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது, கேஸ் புத்தகம் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு மஞ்சப்பை. ஃபைல் போட்டுப் பிரித்து வைத்துப் பார்த்தோம். எந்த ஃபைலில் எது என்று அதை வேறு தேட வேண்டியிருந்தது. மஞ்சப்பை என்றால் கொட்டிப் பார்த்தால் கிடைத்துவிடும்.

மலைக்கோட்டை மணி எழுதியது:

ஆணி நல்ல யோசனை அக்கா, இன்றைக்கே அடிக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் பெரியவர் கண்ணாடியை நெற்றி மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறார். அதற்கு?

அடுப்படி அரசி எழுதியது:

கண்ணாடிக் கடையில் கழுத்தில் மாட்டும் கயிறு கிடைக்கும் தம்பி. கறுப்பு வாங்காதீர்கள், சட்டைக்கு மேல் தெரியாது. சிவப்பு கேளுங்கள்.